ஜாமீன்ல போனவன் எங்கே? ஸ்டெஃபனி பிளம்மும் ஒரு விநோதத் தொழிலும்

இன்னைக்கு எபிசோடை ஒரு தேங்காயில இருந்து ஆரம்பிக்கிறேன். சாதாரணத் தேங்காய் இல்ல. பன்னிரண்டாயிரம் ரூபாய் தேங்காய்.

நான் ஸ்கூல் படிச்சுட்டு இருந்த காலம். அப்பாவோட ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒருத்தர், கூட்டுறவு சொசைட்டியில லோன் எடுத்தார். அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டார். ஒரு திங்கட்கிழமை அந்த மனுஷன் வேலைக்கு வரல. செவ்வாயும் வரல. ரெண்டு மாசம் கழிச்சு அப்பாவோட சம்பளத்துல இருந்து தவணை பிடிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் எங்க வீட்டுக்குள்ள ஒரு துப்பறியும் படலம் தொடங்குச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், அப்பாவும் அவர் நண்பரும் டிவிஎஸ் 50-ல கிளம்பிடுவாங்க. அந்த ஆளோட மச்சான் வீடு, பழைய வாடகை வீடு, அவர் வழக்கமா டீ குடிக்கற கடைன்னு எல்லா இடத்துலயும் விசாரணை. ஒரு தடவை தப்பான வீட்டுக்கதவைத் தட்டி நாய் துரத்துச்சு. இன்னொரு தடவை வண்டி பஞ்சர் ஆகி ராத்திரி பதினோரு மணிக்குத் தள்ளிட்டு வந்தாங்க.

கடைசியில ஆள் மாட்டினார். திண்டுக்கல்ல ஒரு கல்யாணத்துல. அப்பாவைப் பார்த்ததும் ஓடல, ஒளியல. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் முதல் பந்தியில உட்கார வெச்சுட்டார். பக்கத்துலயே நின்னு "சாருக்கு இன்னும் ரெண்டு வடை வைப்பா"ன்னு உபசாரம் வேற. நூறு பேர் சாப்பிடற பந்தியில உட்கார்ந்துக்கிட்டு "என் பணம் எங்கய்யா"ன்னு எப்படிக் கேக்கறது? அப்பா சாப்பிட்டார், தாம்பூலப் பையை வாங்கிட்டார், வீட்டுக்கு வந்துட்டார். பையில ஒரு தேங்காய். பாக்கிக் கடன் பன்னிரண்டாயிரம். அம்மா அந்தத் தேங்காயைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்? அமெரிக்காவுல எங்க அப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு தனி வேலையே இருக்கு. ஜாமீன்ல போய் கோர்ட்டுக்கு வராம ஓடிப்போனவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தா காசு. அதுக்குப் பேர் பவுண்டி ஹன்டர். அந்த வேலைக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத ஒரு பொண்ணு அதுல இறங்கினா என்ன ஆகும்னு ஒரு எழுத்தாளர் யோசிச்சாங்க. அந்தப் பொண்ணுதான் ஸ்டெஃபனி பிளம். இன்னைக்கு அவளோட கதை, அவளை உருவாக்கினவங்களோட கதை, அந்தத் தொழிலோட கதை. மூணும் கடைசியில ஒரே இடத்துல போய் முட்டும். அந்த இடம் அவ்வளவு சிரிப்பா இருக்காது. இப்பவே சொல்லி வெச்சுடறேன்.

துப்பாக்கி இருக்கற இடம்: பிஸ்கட் ஜாடி

முதல்ல ஸ்டெஃபனி. வயசு முப்பது. விவாகரத்து ஆனவள். ஊர், நியூ ஜெர்சி மாநிலத்தோட தலைநகர் ட்ரென்டன். பெண்கள் உள்ளாடை கொள்முதல் செய்யற வேலையில இருந்தாள், அது போயிடுச்சு. ஆறு மாசமா சம்பளம் இல்ல. வீட்டுல இருக்கற சாமான் ஒவ்வொண்ணா விற்பனைக்குப் போகுது. கார் கடன் கட்டாததால அந்தக் காரையும் எடுத்துட்டுப் போயிடறாங்க. கூடத் துணைக்கு இருக்கறது ரெக்ஸ்னு ஒரு ஹாம்ஸ்டர். அது தூங்கற இடம் காலி சூப் டப்பா.

அவளோட சித்தப்பா, மாமா வகையில வர்ற சொந்தக்காரப் பையன் வின்னி. அவன் நடத்தறது ஜாமீன் கம்பெனி. அங்க ஃபைல் அடுக்கற வேலை இருக்குன்னு கேள்விப்பட்டுப் போறாள். போனா அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாச்சு. மிச்சம் இருக்கறது ஓடிப்போனவங்களைப் பிடிக்கற வேலை. வின்னியோட அந்தரங்க ரகசியம் ஒண்ணு இவளுக்குத் தெரியும். அதை வெச்சு மிரட்டியே வேலையை வாங்கிடறாள். முதல் கேஸே யார் தெரியுமா? ஜோ மொரெல்லி. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரன். ஸ்கூல் படிக்கும்போது இவளை ஏமாத்திட்டுப் போனவன். அதுக்குப் பழிவாங்க, பின்னாடி ஒருநாள் அப்பாவோட ப்யூக் காரை அவன் மேல ஏத்திக் காலை உடைச்சவ இவள். ஜாமீன் தொகை ஒரு லட்சம் டாலர். பிடிச்சா இவளுக்குப் பத்து சதவீதம், பத்தாயிரம் டாலர்.

அவ்வளவுதான், ஆரம்பிச்சது கூத்து. துப்பாக்கி வாங்கறாள், ஆனா அதை பிஸ்கட் ஜாடியில போட்டு வைக்கிறாள். பிடிக்கப் போன ஆளே இவளோட கைவிலங்கை எடுத்து இவளையே குளியலறைக் கம்பியில பூட்டிட்டுப் போயிடறான். கார் வாங்கினா எரியும், இல்லன்னா வெடிக்கும். அந்தத் தொடர்ல ஸ்டெஃபனி கார் எந்த அத்தியாயத்துல போகும்னு வாசகர்கள் காத்துட்டே இருப்பாங்க. கடைசியில அவளுக்குக் கதி, சாண்டோர் மாமாவோட 1953 மாடல் வெளிர்நீல ப்யூக். அது மட்டும் எதுக்கும் அசையாது.

அப்புறம் மேஸர் பாட்டி. எனக்கு இந்தத் தொடர்லயே ரொம்பப் பிடிச்ச ஆள். ஊர்ல யார் செத்தாலும் முதல் ஆளாப் போய் சவப்பெட்டிக்குள்ள எட்டிப் பார்க்கற பாட்டி. ராத்திரி சாப்பாட்டு மேஜையில பேத்தியோட துப்பாக்கியை எடுத்து, வறுத்த கோழியைச் சுட்டவங்க. நம்ம ஊர்லயும் அப்படிப் பாட்டிங்க உண்டு. எந்த எழவு வீட்டுல காபி நல்லா இருந்துச்சுன்னு இருபது வருஷம் கழிச்சும் சொல்லுவாங்க.

அட்டைப்பெட்டி நிறைய நிராகரிப்பு

இவங்களை எல்லாம் எழுதினவங்க ஜேனட் இவானோவிச். 1943-ல நியூ ஜெர்சியில சவுத் ரிவர்ங்கற ஊர்ல பிறந்தவங்க. காலேஜ்ல படிச்சது ஓவியம். கல்யாணம், குழந்தைகள், அதுக்கு நடுவுல எழுத்து. பதிப்பகங்கள்ல இருந்து வந்த நிராகரிப்புக் கடிதங்களை ஒரு அட்டைப்பெட்டியில போட்டுட்டே வந்தாங்க. பெட்டி நிறைஞ்சதும் மொத்தத்தையும் கொளுத்திட்டு, செக்ரட்டரி வேலைக்குப் போயிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஒரு போன். எப்பவோ அனுப்பி மறந்தே போன ஒரு காதல் நாவலை வாங்கிக்கறோம்னு ஒரு எடிட்டர் சொன்னார். சம்பளம் 2,000 டாலர்.

1987-ல முதல் நாவல் வந்துச்சு. அதுக்கப்புறம் காதல் நாவல்கள் மட்டும் மொத்தம் ஒரு டஜன். அப்புறம் அலுத்துப்போச்சு. காதலை விட சாகசம் எழுதணும்னு தோணுச்சு. அப்பதான் 'மிட்நைட் ரன்'னு ஒரு படம் பார்த்தாங்க. 1988-ல வந்த படம். அதுல ராபர்ட் டி நீரோ ஒரு பவுண்டி ஹன்டர். ஜாமீன்ல ஓடிப்போன ஒரு கணக்காளரை நாட்டோட ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடிக்கு இழுத்துட்டு வரணும். படம் முழுக்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டே வருவாங்க.

அதைப் பார்த்து இவானோவிச்சுக்கு ஒரு பொறி தட்டுச்சு. போலீஸ் வேலைன்னா பயிற்சி வேணும். பிரைவேட் டிடெக்டிவ்னா லைசென்ஸ் வேணும். ஆனா பவுண்டி ஹன்டர்? நேத்து வரைக்கும் உள்ளாடை வியாபாரம் பார்த்தவள் இன்னைக்கு ஆள் பிடிக்கப் போகலாம். ஒரு காமெடிக்கு இதைவிட நல்ல தொழில் கிடைக்குமா? போலீஸ்காரங்களோட பழகி, துப்பாக்கி சுடக் கத்துக்கிட்டு, 'ஒன் ஃபார் த மணி' எழுதினாங்க. 1994-ல வெளிவந்துச்சு. புத்தகம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சினிமா உரிமை பத்து லட்சம் டாலருக்குப் போயிடுச்சு. படம் மட்டும் 2012-லதான் வந்துச்சு, அது வேற கதை.

பிரிட்டன்ல குற்றக்கதை எழுத்தாளர்கள் சங்கம் சிறந்த முதல் குற்ற நாவலுக்குத் தர்ற ஜான் க்ரீஸி நினைவுப் பரிசு இதுக்குக் கிடைச்சது. இரண்டாவது நாவலுக்கு அதே சங்கத்தோட நகைச்சுவைக் குற்றக்கதைப் பரிசு. அப்புறம் எண் போட்டு எண் போட்டு வந்துட்டே இருக்கு. 2023-ல 'டர்ட்டி தர்ட்டி' வந்தது முப்பதாவது.

ஒரு விஷயம் கவனிக்கணும். பெண் துப்பறிவாளர் அப்ப புதுசு இல்ல. 1977-ல மார்ஷியா முல்லரோட ஷாரன் மெக்கோன் வந்தாச்சு. 1982-ல ஒரே வருஷத்துல சூ கிராஃப்டனோட கின்ஸி மில்ஹோன், சாரா பாரெட்ஸ்கியோட வார்ஷாவ்ஸ்கி ரெண்டு பேரும் வந்தாச்சு. அவங்க எல்லாரும் கில்லாடிங்க. ஆம்பளைங்களுக்கு சமமா அடிப்பாங்க, தனியா இருப்பாங்க, யாருக்கும் தலை குனிய மாட்டாங்க. பொண்ணாலயும் முடியும்னு அவங்க நிரூபிக்க வேண்டியிருந்துச்சு. ஸ்டெஃபனி வந்தப்போ அந்தப் பாரம் இறங்கியிருந்துச்சு. அவளுக்குச் சொதப்பற உரிமை கிடைச்சது. தப்பு பண்ணுவாள், அம்மா வீட்டுக்குப் போய் சாப்பிடுவாள், மறுநாள் திரும்ப வேலைக்குப் போவாள். ஹீரோயின் சொதப்பலாம், ஆனாலும் ஹீரோயினாவே இருக்கலாம். இது சின்ன விஷயமா எனக்குத் தெரியல.

நான் இந்தப் புத்தகத்தைப் படிச்சது, எனக்கே வேலை போன ஒரு வருஷத்துல. பழைய புத்தகக் கடையில முப்பது ரூபாய்க்குக் கிடைச்சது. வாடகை கட்டறதுக்காக ஒருத்தி ஆள் பிடிக்கப் போறாள்ங்கறதைப் படிக்கறப்போ, சிரிப்போட கொஞ்சம் தைரியமும் வந்துச்சு.

ஓடினவனைப் பிடிக்க யார் அதிகாரம் குடுத்தா?

சரி, இப்ப வரலாறு. ஒரு தனி ஆள் இன்னொருத்தரைக் கைவிலங்கு போட்டு இழுத்துட்டு வர்றதுக்கு சட்டம் எப்படி இடம் குடுக்குது?

பழைய இங்கிலாந்துல ஜாமீன்னா, சொந்தக்காரரோ நண்பரோ வந்து "இவன் விசாரணைக்கு வருவான், நான் பொறுப்பு"ன்னு சொல்றது. நம்ம ஊர் ஜாமீன்தாரர் மாதிரிதான். சிறையில இருக்க வேண்டியவனை ஜாமீன்தாரர்கிட்ட ஒப்படைக்கறாங்க, அதனால இப்ப அவர்தான் சிறைக்காவலர்ங்கறது அந்தச் சட்டத்தோட அடிப்படை எண்ணம். அந்த எண்ணம் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் போச்சு.

அங்க 1872-ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. டெய்லர் எதிர் டெயின்டர். கதை கொஞ்சம் வேடிக்கையானது. கனெக்டிகட் மாநிலத்துல மெக்குவயர்னு ஒருத்தர் மேல திருட்டு வழக்கு. 8,000 டாலர் ஜாமீன்ல வெளிய வந்தார். நியூயார்க் போனார். அங்க வேற மாநிலமான மெய்ன்ல இருந்து, இன்னொரு பழைய திருட்டு வழக்குக்காக அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவர் மெய்ன்ல கம்பி எண்ணிட்டு இருக்கும்போது கனெக்டிகட் கோர்ட்ல பேர் கூப்பிட்டாங்க. ஆள் இல்ல. எங்க 8,000 டாலர்னு ஜாமீன்தாரர்களைக் கேட்டாங்க. "ஐயா, அவன் ஓடல, அரசாங்கமேதான் பிடிச்சு வெச்சிருக்கு"ன்னு அவங்க வாதாடினாங்க.

தோத்துட்டாங்க. நாலுக்கு மூணுங்கற கணக்குல தீர்ப்பு. பணம் கட்டியே ஆகணும். அந்தத் தீர்ப்புல நீதிமன்றம் போகிறபோக்குல ஜாமீன்தாரரோட அதிகாரத்தை விவரிச்சது. ஜாமீன்ல இருக்கறவரை எப்ப வேணும்னாலும் பிடிக்கலாம், வேற மாநிலத்துக்குள்ளயும் துரத்திட்டுப் போகலாம், ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கலாம், தேவைப்பட்டா அவர் வீட்டை உடைச்சு உள்ள போகலாம். தனியா வாரன்ட் எதுவும் வேண்டாம். ஏன்னா இது புதுக் கைது இல்ல, பழைய கைதோட தொடர்ச்சி.

இதுல என்ன கிண்டல்னா, ஜாமீன்தாரர் தோத்த வழக்குல எழுதின வரிகள்தான் அடுத்த நூறு வருஷத்துக்கு மேல ஜாமீன் தொழிலுக்கே வேதமா ஆச்சு. போலீஸ்காரர் ஒரு வீட்டுக்குள்ள நுழையறதுக்கு இருக்கற பல கட்டுப்பாடு, வேலை போன ஸ்டெஃபனிக்கு இல்ல. பின்னாடி பல மாநிலங்கள் லைசென்ஸ், பயிற்சின்னு கடிவாளம் போட்டாங்க. சில மாநிலங்கள் தடையே பண்ணிட்டாங்க. ஆனா வேர் அந்த 1872 தீர்ப்புதான்.

சாராயக் கடையில பிறந்த தொழில்

அடுத்து, நண்பர் போடற ஜாமீன் எப்படி வியாபாரம் ஆச்சு? இங்க நாம சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகணும். 1890-களோட கடைசி. கோர்ட்டும் போலீஸும் இருந்த கட்டடத்துக்குப் பக்கத்துல, கியர்னி தெருவுல ஒரு சலூன். மெக்டோனா குடும்பத்தோடது. வழக்கமா அங்க குடிக்க வர்றவங்க வக்கீலுங்க. கட்சிக்காரருக்கு ஜாமீன் பணம் கட்ட ஆள் இல்லாதப்போ சலூன் முதலாளிகிட்ட கேப்பாங்க. அவரும் வாடிக்கையாளர் முகத்துக்காகக் கட்டுவார். ஆரம்பத்துல உதவி. அப்புறம் அவர் பையன் பீட்டர் மெக்டோனாவுக்கு விஷயம் புரிஞ்சது. கட்சிக்காரர்கிட்ட இருந்து வக்கீல் ஃபீஸ் வாங்கறார், நாம மட்டும் ஏன் சும்மா கட்டணும்? கட்டணம் வைப்போம்.

அப்படி ஆரம்பிச்சது உலகத்தோட முதல் வணிக ஜாமீன் கம்பெனின்னு சொல்றாங்க. கொஞ்ச வருஷத்துலயே அந்த ஊரோட சூதாட்ட விடுதி, விபசார விடுதி எல்லாத்துக்கும் மெக்டோனாதான் காவல் தெய்வம். 1937-ல நகரத்தோட போலீஸ் ஊழலை விசாரிச்ச ஏதர்ட்டன் அறிக்கை, அந்தக் கம்பெனிதான் ஊழலோட ஊற்றுன்னு எழுதுச்சு.

தொழில் ஓடற விதம் சுலபம். நீதிபதி 50,000 டாலர் ஜாமீன் சொல்றார்னு வெச்சுக்கோங்க. உங்ககிட்ட இல்ல. நீங்க கம்பெனிக்கு வழக்கமா பத்து சதவீதம், 5,000 டாலர் குடுக்கறீங்க. அவங்க கோர்ட்டுக்கு உத்தரவாதம் எழுதித் தர்றாங்க. நீங்க வெளிய. வழக்குல ஜெயிச்சாலும் அந்த 5,000 திரும்ப வராது. அது அவங்களோட வருமானம். நீங்க ஓடிட்டா, முழு 50,000-மும் கம்பெனி தலையில. அப்பதான் பவுண்டி ஹன்டர் வண்டியை எடுக்கறார். பிடிச்சாதான் காசு, இல்லன்னா பெட்ரோல் செலவும் கைநஷ்டம்.

உலகத்துல இந்த வியாபாரம் பெரிய அளவுல நடக்கற நாடுகள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு அமெரிக்கா, இன்னொண்ணு பிலிப்பைன்ஸ். மத்த நாடுகள்ல பெரும்பாலும் இதைக் கிட்டத்தட்ட லஞ்சம் மாதிரி பார்க்கறாங்க. நீதிமன்றத்துக்கு வர வைக்கற பொறுப்பை லாபத்துக்கு விக்கக் கூடாதுங்கறது அவங்க எண்ணம்.

உண்மையிலயே பொண்ணுங்க இந்த வேலை பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. ரொம்பப் பிரபலமானவங்க டொமினோ ஹார்வி. பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஹார்வியோட மகள். லாஸ் ஏஞ்சலஸ்ல பவுண்டி ஹன்டரா இருந்தாங்க. கெய்ரா நைட்லி நடிச்சு அவங்க பேர்லயே படம் 2005 அக்டோபர்ல வந்துச்சு. படம் வெளிவர சில மாசம் இருக்கும்போது, ஜூன்ல, போதைப்பழக்கத்தோட போராடிட்டு இருந்த அவங்க 35 வயசுல இறந்துட்டாங்க. நிஜத்துல அந்த வேலை பிஸ்கட் ஜாடியில அடங்கற வேலை இல்ல.

ஊர் தயாரிச்சது, உலகம் எடுத்துக்கிச்சு

ஸ்டெஃபனியோட ஊரைப் பத்தி சொல்லாம போக முடியாது. ட்ரென்டன்ல டெலவேர் ஆத்து மேல ஒரு பாலம் இருக்கு. அதுல பெரிய விளக்கு எழுத்துல, ட்ரென்டன் தயாரிக்கிறது, உலகம் எடுத்துக்கொள்கிறதுன்னு ஒரு வாசகம் மின்னும். ஒரு காலத்துல அது உண்மை. இரும்புக்கயிறு, பீங்கான், ரப்பர்னு எல்லாம் அங்க செஞ்சாங்க. கோல்டன் கேட் பாலத்தோட பிரம்மாண்டமான கம்பிவடங்களைப் பண்ணிக் குடுத்தது அந்த ஊர் ரோப்ளிங் கம்பெனி. அந்தத் தொழிற்சாலையைச் சுத்தி வளர்ந்த இத்தாலியப் பேட்டைதான் சேம்பர்ஸ்பர்க். நாவல்ல 'பர்க்'னு வர்ற, எல்லாருக்கும் எல்லார் வீட்டு விஷயமும் தெரிஞ்ச இடம்.

ஆலைகள் ஒவ்வொண்ணா மூடுச்சு. 1950-ல சுமார் 1,28,000 பேர் இருந்த ஊர், 1990-ல சுமார் 88,000 பேருக்குச் சுருங்கிடுச்சு. வேலை போன ஊர்ல, வேலை போன ஒருத்தி, வேலை போனவங்களைத் துரத்தறாள். ஸ்டெஃபனி பிடிக்கப் போற ஆட்கள்ல கொலைகாரங்க கம்மி. பாதிப் பேர் அவளுக்கு ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க, அம்மாவோட சிநேகிதி பையன், குடிச்சுட்டு எங்கயோ அசிங்கம் பண்ணின தாத்தா. கோர்ட் தேதியையே மறந்து போனவங்க. "வாங்க, இன்னொரு தேதி வாங்கிட்டு வந்துடலாம்"னு கெஞ்சிக் கூட்டிட்டுப் போவாள். அதனாலதான் நமக்கு சிரிப்பு வருது.

கதைக்குள்ள வராதவன்

இப்ப நான் முன்னாடி சொன்ன அந்த இடத்துக்கு வந்துட்டோம்.

முப்பது நாவல்லயும் ஒரு ஆள் வரவே மாட்டான். ஸ்டெஃபனியால அவனைத் துரத்த முடியாது. ஏன்னா அவன் ஓடவே இல்ல. ஓடணும்னா முதல்ல வெளிய வரணும். வெளிய வர அந்தப் பத்து சதவீதம் வேணும். அது இல்லாதவன் உள்ளயே இருக்கான்.

2010 மே மாசம், நியூயார்க்ல கலீஃப் ப்ரௌடர்ங்கற 16 வயசுப் பையனை ஒரு தோள்பையைத் திருடினான்னு கைது பண்ணாங்க. நான் திருடலன்னு கடைசி வரைக்கும் சொன்னான். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால கட்ட முடியல. பிறகு, அவன் ஏற்கெனவே இன்னொரு வழக்குல கண்காணிப்புல இருந்தவன்ங்கறதால ஜாமீனே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில மூணு வருஷம். அதுல ஏறக்குறைய ரெண்டு வருஷம் தனிமைச் சிறை. விசாரணை நடக்கவே இல்ல. 2013-ல வழக்கைக் கைவிட்டு அனுப்பிட்டாங்க. 2015-ல, 22 வயசுல, அவன் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டான். 3,000 டாலர் அன்னைக்கு யார்கிட்டயாவது இருந்திருந்தா அவன் முதல் வாரமே வீட்டுக்குப் போயிருப்பான்.

ஸ்டெஃபனியோட மாநிலத்துலயும் இதே கதைதான். 2013-ல நியூ ஜெர்சி சிறைகளைப் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. உள்ள இருந்தவங்கள்ல 12 சதவீதம் பேர், 2,500 டாலரோ அதுக்குக் கீழயோ கட்ட முடியாததுக்காக மட்டும் உள்ள இருந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம் அந்த மாநிலத்துல சட்டம் மாறுச்சு, மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சாசனத்தையும் திருத்தினாங்க. 2017 ஜனவரி 1-ல இருந்து பண ஜாமீனைக் கிட்டத்தட்ட ஒழிச்சே கட்டிட்டாங்க. இப்ப நீதிபதி பார்க்கறது பாக்கெட்டை இல்ல. இதுக்கு முன்னாடி கோர்ட்டுக்கு ஒழுங்கா வந்தாரா, வெளிய விட்டா யாருக்காவது ஆபத்தா, இதைத்தான் பார்க்கறார்.

ஜாமீன் கம்பெனிகள் கத்தினாங்க. "நாங்க இல்லன்னா ஓடினவனை யார் பிடிப்பா? எங்களுக்கு அரசாங்கம் சம்பளம் தரல, பிடிச்சாதான் எங்களுக்குக் காசு"ன்னாங்க. அந்த வாதத்துல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நடந்தது என்ன? 2015 கடைசியில இருந்து 2018 கடைசிக்குள்ள, விசாரணைக்காகக் காத்திருக்கற கைதிகள் எண்ணிக்கை 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. கோர்ட்டுக்கு வர்றவங்க விகிதம் கொஞ்சம் இறங்குச்சு, அப்பவும் பத்துல கிட்டத்தட்ட ஒன்பது பேர் வந்தாங்க. துரத்திட்டுப் போக ஆள் இல்லாமலேயே வந்தாங்க.

ஆக, இன்னைக்கு நிஜ ட்ரென்டன்ல ஸ்டெஃபனிக்கு வேலை ஏறக்குறைய இல்ல. நாவல்ல மட்டும் வின்னி இன்னும் கடையைத் திறந்து வெச்சிருக்கான், கார் இன்னும் வெடிச்சுட்டே இருக்கு. எனக்கு அதுல வருத்தம் இல்ல. சில தொழில்கள் கதையில மட்டும் மிஞ்சறது நல்லதுதான்.

நம்ம கதை என்ன? இந்தியாவுல கமிஷன் வாங்கிட்டு ஜாமீன் போடற கம்பெனி சட்டப்படி கிடையாது. ஆனா ஜாமீன்தாரர் கிடைக்காம உள்ள கிடக்கறவங்க நிறைய. 1978-ல மோதிராம்னு ஒரு கொத்தனாரோட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. மத்தியப் பிரதேசத்துல அவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டாங்க. அவரோட அண்ணன் தம்பி ஜாமீன் குடுக்க வந்தா, வேற மாவட்டத்துக்காரர், சொத்து இங்க இல்ல, செல்லாதுன்னுட்டாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாக் குறைச்சார். ஒரு தமிழரோ மலையாளியோ போர்ட் பிளேர்லயோ பஸ்தர்லயோ கைதானா, அந்த ஊர்ல சொத்து இருக்கற ஜாமீன்தாரருக்கு எங்க போவார்னு அந்தத் தீர்ப்புல கேட்டார். இன்னைக்கும் வெளியூர்ல வேலைக்குப் போயிருக்கற யாருக்கும் பொருந்தற கேள்வி அது.

முடிக்கறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, இந்த எபிசோடுக்காகப் படிச்சதை எல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். அமெரிக்கச் சட்டப்படி நீங்க அவர் வீட்டுக்கதவை உடைச்சே உள்ள போயிருக்கலாம்பான்னேன். அப்பா கொஞ்சம் யோசிச்சார். "அது கொலைக் கேஸ் ஜாமீனுக்கு. லோன் ஜாமீனுக்கு இல்லல்ல?"ன்னு கேட்டார். இல்லப்பான்னேன். "அப்ப நான் பண்ணது சரிதான். வடை நல்லா இருந்துச்சு"ன்னார்.

உள்ள இருந்து அம்மா குரல். "தேங்காய் அழுகல்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் யாருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாலும், அவங்க மச்சான் வீட்டு முகவரியையும் வாங்கி வெச்சுக்கோங்க.